பெயர் தெரியாத ஓவியர் என்று ஒருவர் இல்லை



நினைவுச் சொற்பொழிவு என்பது ஒருவரின் பெயரைச் சொல்லித் தொடங்கும் நிகழ்ச்சி. ஆண்டுதோறும் நாம் இங்கே கூடுவதே அதற்காகத்தான். ஆகவே இந்த ஆண்டு பெயரைப் பற்றியே பேசலாம் என்று தோன்றியது. ஒரு பெயர் எப்படிப் பதிவாகிறது, எப்படி விடுபடுகிறது, விடுபட்டதால் யாருக்கு ஆதாயம்? இந்தக் கேள்விகளை நம்மிடமிருந்து வெகு தொலைவில் உள்ள ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் மரப்பட்டையில் வரையும் ஓவியம்தான் அந்தப் பொருள். மெல்போர்னிலும் சிட்னியிலும் மட்டுமல்லாமல், லண்டனிலும் நியூயார்க்கிலும்கூடப் பூர்வகுடிக் கலை இன்று ஏலத்துக்கு வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாதியின் வரலாறும் குடியேற்ற நிலப்பறிப்பின் வரலாறும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கரைத்துப் பேசினால் இரு மக்களுக்கும் அநீதி செய்தவர்களாவோம். எனவே அவர்கள் கதையை அவர்கள் கதையாகவே சொல்ல முயல்கிறோம். நமக்குத் தெரிந்த வலி அதில் எங்கே படுகிறது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பட்டியலில் ஒரு பக்கம்

ஏலத்துக்கு முன் ஏல நிறுவனங்கள் பட்டியல் வெளியிடுவது வழக்கம். பழைய மரப்பட்டை ஓவியம் ஒன்று அதில் எப்படி இடம்பெறும் என்று பார்ப்போம். மேலே படம் இருக்கும். ஒரு கங்காருவோ பாரமுண்டி மீனோ, முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் வெளியே தெரியும்படி வரையப்பட்டிருக்கும். ஓவியரின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாத ஓவியர்' என்றிருக்கும். அடுத்த வரியில் 'மேற்கு ஆர்னம் லேண்ட்'. அதற்கும் கீழே 'மரப்பட்டையில் இயற்கை மண்வண்ணம்', நீளம், அகலம்.

இவற்றுக்குப் பிறகு உடைமை வரலாறு வரும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விவரம் அது. ஒரு மிஷனரி, ஒரு மானிடவியலாளர், அவருடைய வாரிசு, ஒரு கலைக்கூடம், ஒரு தனிச் சேகரிப்பாளர். இவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. விலையை ஏற்றுவதும் இந்த வரிசைதான். நல்ல கைகளில் இருந்து வந்த பொருள் என்றால் வாங்குபவர் தயங்காமல் விலை கேட்பார். வாங்கியவர்கள், விற்றவர்கள், வைத்திருந்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கிறார்கள். வரைந்தவர் மட்டும் இல்லை.

'பெயர் தெரியாத' என்ற சொல் ஓவியரிடம் உள்ள குறையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ஆனால் அந்த மனிதருக்குப் பெயர் இருந்தது. மனைவி மக்களுக்கும் குலத்தாருக்கும் அவரைத் தெரியும். இந்தப் பட்டையை அவர்தான் வரைந்தார் என்பது பார்த்த உடனேயே பலருக்குத் தெரிந்திருக்கும். வாங்கியவர் கேட்கவில்லை, அல்லது கேட்டு எழுதி வைக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அண்மைக் காலத்தில் சில அருங்காட்சியகங்கள் இதை உணர்ந்து, 'ஒரு காலத்தில் அறியப்பட்ட ஓவியர்' என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. சிறிய திருத்தம்தான். ஆனாலும் குறை யாருடையது என்பதை அது மாற்றி எழுதுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. இறந்தவரின் பெயரைச் சில காலம் உரக்கச் சொல்லாமல் இருப்பது ஆர்னம் லேண்ட் மக்கள் பலரிடம் உள்ள துக்க வழக்கம். அந்த மௌனம் மரியாதையால் வருவது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்று முடிவு செய்பவர்கள் உறவினர்கள். பட்டியலில் உள்ள மௌனத்தை யாரும் அவர்களிடம் கேட்டு வைக்கவில்லை. இந்த உரையில் நாம் சொல்லும் பெயர்கள் எல்லாம் நூல்களிலும் தீர்ப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் பொதுவில் வழங்குபவை.

புகையிலைக்கு வந்த பட்டைகள்

ஆர்னம் லேண்ட் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கடலோரமாக உள்ள நிலம். பரப்பு ஏறத்தாழ 97,000 சதுர கிலோமீட்டர். அங்கே ஸ்டிரிங்கிபார்க் என்று ஒரு மரம் உண்டு. நாம் தைலமரம் என்கிறோமே, அந்த யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போது பட்டை எளிதாக உரிந்து வரும். அதை நெருப்பில் வாட்டி, கல்லை ஏற்றித் தட்டையாக்கி, உலரவிட்டு, உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணிலிருந்து. வெள்ளை களிமண்ணிலிருந்து. கறுப்பு கரியிலிருந்து. மெல்லிய கோடுகளை இழுக்கும் தூரிகை சில தலைமயிர்களை ஒரு குச்சியில் கட்டியது. நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தக் கோட்டு வேலையை மேற்கே 'ரார்க்' என்கிறார்கள்.

1912-இல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற உயிரியல் பேராசிரியர் மேற்கு ஆர்னம் லேண்டில் உள்ள ஓயன்பெல்லிக்கு வந்தார். இன்று அந்த ஊரின் பெயர் குன்பலன்யா. மக்கள் மழைக்கு ஒதுங்கும் பட்டைக் குடில்களின் உட்சுவர்களில் ஓவியங்களைக் கண்டார். அவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டார். மேலும் வரைந்து தரும்படி கேட்டார். அங்கே மாட்டுப்பண்ணை நடத்திய பேடி கேஹில் அடுத்து வந்த ஆண்டுகளிலும் வாங்கி அனுப்பினார். கூலியாகக் கிடைத்தது புகையிலை. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தப் பட்டைகள் இன்று மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன. உலகில் உள்ள மரப்பட்டை ஓவியத் தொகுப்புகளில் மிகப் பழையவற்றுள், மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஓவியர்களின் பெயர்கள் மட்டும் எழுதப்படவில்லை.

நூறாண்டுக்குப் பிறகு ஆய்வாளர்களும் குன்பலன்யா மக்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பட்டையில் உள்ள கோட்டையும் உருவத்தையும் அந்தப் பகுதியின் பாறை ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். குடும்பங்களின் நினைவைக் கேட்டார்கள். சில பட்டைகளை வரைந்தவர் மஜும்பு என்ற ஒருவர் என்ற முடிவுக்கு வந்தார்கள். பெயர் தெரியாமல் போவது இயற்கை விதி என்று நம்புகிறவர்களுக்கு இது பதில். தேடினால் சில பெயர்களாவது திரும்பி வருகின்றன. தேட வேண்டிய இடம் கோப்பு மட்டுமல்ல, அந்த மக்களின் வீடும்தான்.

ஒரு டாலர் நோட்டு

1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் எலிசபெத் அரசி. மறுபக்கத்தில் பூர்வகுடி ஓவியம். அதன் முதன்மையான பகுதி ஒரு மரப்பட்டை ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டது. குர்மிரிங்கு என்ற மூதாதை வேடர் பாம்பு கடித்து இறந்தபின் அவருக்கு நடந்த ஈமச்சடங்கை அது காட்டியது. வரைந்தவர் மன்ஹார்ங்கு குலத்தைச் சேர்ந்த டேவிட் மலங்கி. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மத்திய ஆர்னம் லேண்டில் உயிரோடு இருந்தார், வரைந்துகொண்டும் இருந்தார்.

அந்தப் பட்டையைக் காரெல் குப்கா என்ற சேகரிப்பாளர் வாங்கிப் போயிருந்தார். அது பாரிஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதன் நிழற்படம் நோட்டை வடிவமைத்தவரின் மேசைக்கு வந்தது. இது எப்போதோ இறந்துபோன, பெயரில்லாத யாரோ ஒருவரின் வேலை என்று ரிசர்வ் வங்கியில் இருந்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். மலங்கியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நோட்டு அச்சாகி நாடு முழுவதும் புழங்கிய பிறகுதான், இதை வரைந்தவர் இருக்கிறார் என்ற செய்தி வெளியே தெரிந்தது. வங்கியின் ஆளுநர் எச்.சி. கூம்ஸ் 1967-இல் தலையிட்டார். மலங்கிக்கு 1,000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடி சாதனங்களும் கொடுக்கப்பட்டன. 'டாலர் டேவ்' என்ற செல்லப்பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பூர்வகுடி ஓவியருக்குப் பதிப்புரிமை உண்டு என்ற பேச்சு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இடமாக இதைச் சொல்வார்கள்.

அந்த ஆண்டில் வேறு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். வடக்குப் பிரதேச மாட்டுப்பண்ணைகளில் வேலை செய்த பூர்வகுடியினருக்கு வெள்ளையருக்குச் சமமான கூலி கிடையாது. 1966 மார்ச்சில் தொழில் தீர்ப்பாயம் சமக் கூலி தர வேண்டும் என்றது. ஆனால் பண்ணை முதலாளிகள் தயாராவதற்காக 1968 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தது. ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கூலிக்காகத் தொடங்கிய அந்தப் போராட்டம் நிலத்துக்கான போராட்டமாக வளர்ந்தது. நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு 1967 மே மாத வாக்கெடுப்பு வரை இருந்தது.

ஆக, அந்த மக்களின் ஓவியம் டாலர் நோட்டில் இருந்தது. அதே டாலரை முழுக் கூலியாகப் பெறும் உரிமை அவர்களுக்கு இல்லை. அரசு அவர்களின் கலையை நாட்டின் அடையாளமாக ஏற்றுக்கொண்டது, அவர்களை நாட்டின் மக்கள் எண்ணிக்கையில் ஏற்கவில்லை. கலையைக் கொண்டாடுவதும் கலைஞரை ஒதுக்குவதும் ஒரே கையால் நடக்கக்கூடியவை என்பதற்கு இந்த நோட்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்பளத்தில் மிதிபட்டது

பாடம் கற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கிக்கு நேரம் இருந்தது. ஆனால் 1988-இல் வெளியான நினைவுப் பத்து டாலர் நோட்டில் டெரி யும்புலுல் செய்த 'விடிவெள்ளிக் கம்பம்' இடம்பெற்றது. ஈமச்சடங்கோடு தொடர்புடைய பொருள் அது. ஒரு முகவர் நிறுவனத்தின் வழியாக உரிமம் பெறப்பட்டிருந்தது. அவருடைய சமூகத்தார் அவரைக் கேள்வி கேட்டார்கள். உரிமத்தின் பொருள் தனக்குச் சரியாகப் புரியவைக்கப்படவில்லை என்று அவர் நீதிமன்றம் போனார். 1991-இல் வழக்குத் தோற்றது. ஆனால் ஒரு சமூகம் முழுவதுக்கும் உரிய படைப்பைப் பாதுகாக்க ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் போதாது என்பதை நீதிபதியே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது கம்பள வழக்கு. தேசியக் கலைக்கூடம் வெளியிட்ட படத்தொகுப்பு போன்றவற்றிலிருந்து பூர்வகுடி ஓவியங்களை எடுத்து, வியட்நாமில் கம்பளமாக நெய்து, பெர்த் நகர நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து விற்றது. ஓவியர்களுக்குப் பங்கு போகிறது என்று கம்பளத்தில் தொங்கிய அட்டை சொன்னது. அது பொய். ஜார்ஜ் மில்புருரு, பண்டுக் மரிகா உள்ளிட்ட ஓவியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1994-இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. பண இழப்பை மட்டுமல்லாமல், தங்கள் சமூகத்தில் ஓவியர்கள் பட்ட அவமானத்தையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

அவமானம் என்ற சொல்லை விளக்க வேண்டும். பண்டுக் மரிகா வரைந்தது ஒரு புனித நீர்நிலையின் கதை. அதை வரைய அவருக்குப் பிறப்பால் உரிமை உண்டு. அந்த உரிமையோடு ஒரு கடமையும் வருகிறது: அது தகாத இடத்துக்குப் போகாமல் காக்க வேண்டும். கம்பளம் என்றால் காலால் மிதிப்பார்கள். திருடியவர் யாராக இருந்தாலும், ஏன் காக்கவில்லை என்ற கேள்வி வரைந்தவரிடம் வரும். சந்தையின் கணக்கில் ஓவியம் ஓவியரின் சொத்து, விற்றதும் வாங்கியவரின் சொத்து. அவர்கள் கணக்கில் ஓவியர் ஒரு பொறுப்பாளர். சொத்து குலத்தினுடையது, குலம் நிலத்தினுடையது.

அதற்காக அவர்கள் விற்கவே விரும்பவில்லை என்று நாம் சொல்லக் கூடாது. ஏமாளிகளாக அவர்களைச் சித்திரிப்பதும் ஒருவகை அவமதிப்பு. எதை வெளியாருக்குக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்கள் தொடக்கம் முதலே பிரித்து வைத்திருந்தார்கள். விற்பனைக்கு வரைந்தவற்றில் ரகசியமானதை விட்டுவிட்டு வரைந்தார்கள். இன்று யிர்கலா, மனிங்கிரிடா, ரமிங்கினிங் ஆகிய ஊர்களில் சமூகமே நடத்தும் கலை மையங்கள் ஓவியர் பெயரோடும் கதையோடும் பட்டைகளை விற்கின்றன. அந்தப் பணத்தில் குடும்பங்கள் வாழ்கின்றன. நாம் கேள்வி கேட்பது விற்பனையை அல்ல. பெயரையும் சொல்லையும் பங்கையும் அறுத்துவிட்டு நடக்கும் விற்பனையை.

பட்டையும் பட்டாவும்

பண்டுக் மரிகாவின் தந்தை மவலான் மரிகா, 1963-இல் யிர்கலாவில் ரிரட்ஜிங்கு குலத்தின் தலைவராக இருந்தவர். அந்த ஆண்டு கூட்டாட்சி அரசு, யோல்ங்கு மக்களிடம் கேட்காமல், பாக்சைட் சுரங்கத்துக்காக ஆர்னம் லேண்ட் காப்பு நிலத்திலிருந்து 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பிரித்து எடுத்தது. மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குலங்களின் ஓவியங்களை வரைந்தார்கள். யார் நிலம், எந்தக் கடல், எந்த உயிர் எந்தக் குலத்தோடு சேர்ந்தது என்பதை அந்த விளிம்பு ஓவியம் சொன்னது. நம் மொழியில் சொன்னால், அந்தப் பட்டையே அவர்களுடைய பட்டா.

முதல் மனுவில் பன்னிரண்டு பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். இவர்கள் இளையவர்கள், மக்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று அமைச்சர் ஐயம் கிளப்பினார். மூத்தவர்களின் கைநாட்டோடு மீண்டும் மனு போனது. இங்கும் பிரச்சினை பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். பெயர் எழுதாதபோது 'பெயர் தெரியாதவர்'. பெயர் எழுதிக் கொடுத்தபோது 'இந்தப் பெயர் செல்லாது'.

சுரங்கம் வந்தது. யோல்ங்கு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971-இல் நீதிபதி பிளாக்பர்ன் அவர்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருப்பதை ஏற்றார். ஆனாலும் நிலத்தோடு அவர்களுக்கு உள்ள உறவு சட்டம் ஏற்கும் சொத்துரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தோல்வியிலிருந்து எழுந்த இயக்கம்தான் 1976-இன் வடக்குப் பிரதேச நிலவுரிமைச் சட்டத்துக்கு வழி செய்தது. 1992-இல் மாபோ தீர்ப்பு யாருமற்ற நிலம் என்ற கற்பனையை உடைத்தது. அதே பாக்சைட் நிலத்துக்காகக் குமாட்ஜ் குலத்தார் தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கூட்டாட்சி அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, இழப்பீட்டுக்கு வழி திறந்தது. பட்டையில் எழுதி அனுப்பி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த மனுக்கள் நான்கு. அவற்றுள் ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் இருந்தது. வைத்திருந்தவர் அதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். 2023-இல் அது யிர்கலாவுக்குத் திரும்பியது. ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று சந்தை கணக்குப் போடலாம். கொடுத்தவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. ஒரு பட்டை ஏலக்கூடத்துக்குத்தான் போயாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

நூற்றுக்கு ஐந்து

ஓவியர் வறுமையில் இருக்க, ஓவியம் கைமாறக் கைமாற விலை ஏறும் கதை பூர்வகுடிக் கலையில் பழையது. பாலைவனப் பகுதியின் ஜானி வரங்குலா 1972-இல் பலகையில் வரைந்த ஓர் ஓவியத்துக்கு அவர் பெற்றது 150 டாலர். 1997-இல் ஏலத்தில் அது 2,06,000 டாலருக்குப் போனது. 2000-இல் மீண்டும் ஏலம், 4,86,500 டாலர். ஓவியர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அந்த விற்பனைகளில் அவருக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை.

இத்தகைய கதைகள் எழுப்பிய குரலால் மறுவிற்பனைப் பங்குச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஜூன் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் மறுவிற்பனையில் நூற்றுக்கு ஐந்து ஓவியருக்கு. அவர் இறந்தபின் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்கு. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருந்த பொருளின் அடுத்த முதல் விற்பனைக்கு இந்தப் பங்கு கிடையாது. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனக்கென்று வாங்கும் கட்டணம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் போவது வழக்கம் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நாம் தொடங்கிய பக்கத்துக்குத் திரும்புவோம். 'பெயர் தெரியாத ஓவியர்' என்று எழுதப்பட்ட பட்டைக்கு அந்த ஐந்தும் இல்லை. பெயர் இல்லாவிட்டால் வாரிசு இல்லை. வாரிசு இல்லாவிட்டால் பங்கு கேட்க ஆளில்லை. எந்தக் கதையைச் சந்தையில் காட்டலாம் என்று சொல்லவும் ஆளில்லை. அன்று சேகரிப்பாளர் எழுதாமல் விட்ட ஒரு வரி, இன்றைக்கும் ஒரு குடும்பத்தின் உரிமையைத் தடுக்கிறது. பெயரை விடுவது வெறும் மறதி என்றால், அந்த மறதியின் இலாபம் எப்போதும் ஒரே பக்கம் போய்ச் சேருவது எப்படி?

இருநூறு மரங்கள்

1988-இல் ஆஸ்திரேலிய அரசு குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. அதே ஆண்டு ரமிங்கினிங் பகுதி ஓவியர்கள் 43 பேர், உள்ளே குடைவான 200 மரத் தண்டுகளில் தங்கள் குல ஓவியங்களை வரைந்து நிறுத்தினார்கள். இறந்தவரின் எலும்பை வைக்கும் ஈமத் தண்டுகளின் வடிவம் அது. ஆண்டுக்கு ஒரு தண்டு. தங்கள் நிலத்தைக் காக்கும்போது கொல்லப்பட்டு, முறையான சடங்குகூடக் கிடைக்காமல் போனவர்களுக்கான நினைவிடம். அது இன்று கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் நிற்கிறது. வரைந்தவர்களுள் டேவிட் மலங்கியும் ஒருவர். யாரோ இறந்துபோனவர் என்று 22 ஆண்டுகளுக்கு முன் வங்கி நினைத்த அதே மலங்கி. 1999-இல் அவர் மறையும்வரை குர்மிரிங்குவின் கதையை மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருந்தார்.

அந்த 200 தண்டுகளில் இறந்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. பெயர்களைப் பதிவு செய்யாமலே கொன்றவர்கள் அவற்றை எங்கிருந்து தருவார்கள்? ஆனால் வரைந்த 43 பேரின் பெயர்களும் பதிவில் உள்ளன. எந்தத் தண்டு எந்தக் குலத்தின் ஓவியம் என்பதும் உள்ளது. பெயர் பறிக்கப்பட்டவர்களுக்கு, தங்கள் பெயரை விட்டுக்கொடுக்காதவர்கள் எழுப்பிய நினைவிடம் அது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். ஆய்வேட்டிலோ கண்காட்சியிலோ பட்டியலிலோ 'பெயர் தெரியாத' என்ற சொல்லைப் பார்த்தால் அடுத்த வரிக்குத் தாண்டிவிடாதீர்கள். யார் கேட்கவில்லை, யாரிடம் கேட்டிருக்கலாம், இன்றும் கேட்க யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்களே ஒரு பாட்டையோ பொருளையோ கதையையோ யாரிடமிருந்தாவது பதிவு செய்யும்போது, முதல் வரியில் அவர் பெயரை, அவர் சொன்னபடியே எழுதுங்கள். வெளியிடலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஏலக்கூடத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினால் விற்பனை முடிந்தது. வரைந்தவர் யார் என்ற கேள்வி அத்தோடு முடிவதில்லை. மஜும்புவின் பெயர் நூறாண்டு கழித்துத் திரும்பி வந்தது.